ரெடிமேட் பேக்கேஜா, சோர்ஸ் கோடா? லினக்ஸில் யாரை நம்பி சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்வது?

2011 செப்டம்பர் 15. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கிய நாள். அடுத்தடுத்த ஆண்டுகளில் மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி வட்டாரத்து அரசுப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வரை அந்த லேப்டாப்கள் போய்ச் சேர்ந்தன. எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் கம்ப்யூட்டர். அதில் விண்டோஸோடு இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் இருந்தது: பாஸ் லினக்ஸ். மேலதிகாரி 'பாஸ்' இல்லை. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். மத்திய அரசு நிறுவனமான சி-டாக், சென்னையில் வைத்து உருவாக்கி 2007-ல் முதன்முதலாக வெளியிட்டது.

ஆர்வத்தில் பாஸைத் திறந்து பார்த்த பிளஸ் டூ மாணவருக்கு முதல் அதிர்ச்சி சீக்கிரமே வரும். ஃப்ரெண்ட் பென் டிரைவில் கொடுத்த 'இஎக்ஸ்இ' ஃபைலை டபுள் கிளிக் செய்தால் ஓடாது. அப்போ இதில் சாஃப்ட்வேரை எப்படித்தான் ஏற்றுவது?

பதில், ரெண்டு வழி. ஒன்று, யாரோ தயார் செய்து வைத்த பேக்கேஜை இறக்கிக்கொள்வது. இன்னொன்று, சாஃப்ட்வேரின் மூல நிரலை, அதாவது சோர்ஸ் கோடை எடுத்து நம்ம மெஷினிலேயே 'கம்பைல்' செய்துகொள்வது. அன்று அந்த மாணவரிடம் இருந்த கேள்வி, இன்று மதுரை இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ ஐ.டி. பூங்காவில் உட்கார்ந்து சர்வர் பார்க்கிறவருக்கும் இருக்கிறது. பார்க்கப் போனால், கையில் ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் எல்லோருக்குமே இருக்கிறது.

மாவு கணக்கு

இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். அரிசியும் உளுந்தும் செய்முறையும் சேர்ந்ததுதான் சோர்ஸ் கோடு. மனிதர்கள் படிக்க முடியும், திருத்த முடியும். ஆனால் அப்படியே சாப்பிட முடியாது. கம்பைலர் என்பது கிரைண்டர். அதில் போட்டு அரைத்து வருகிற மாவுதான் பைனரி. மெஷினுக்குப் புரியும், நமக்குப் படித்தால் ஒன்றும் புரியாது. அந்த மாவை அளந்து, பாக்கெட்டில் போட்டு, தேதியும் பேரும் ஒட்டி விற்றால் அது பேக்கேஜ். பாக்கெட்டுகள் அடுக்கி வைத்திருக்கும் கடைதான் ரெபோசிட்டரி.

ஒப்பீடு இதற்கு மேல் போகாது. ஏனென்றால் இந்தக் கடையில் பாக்கெட்டுக்குக் காசு கிடையாது. கூடவே, 'இந்த பாக்கெட்டை எந்த அரிசியில் அரைத்தீர்கள்?' என்று கேட்டால் அதே அரிசியையும் எடுத்துக் கொடுப்பார்கள். டெபியன், உபுண்டு போன்ற டிஸ்ட்ரோக்களில் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் அதன் சோர்ஸும் அதே ரெபோசிட்டரியில் கிடைக்கும்.

பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். டெபியன் 1993-ல் தொடங்கிய, தன்னார்வலர்கள் நடத்தும் திட்டம். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பொறுப்பாளர் ஒருவரோ ஒரு குழுவோ இருக்கும். ஆக, உசிலம்பட்டியில் ஒரு லேப்டாப்பில் ஏறிய பேக்கேஜுக்குப் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது: சாஃப்ட்வேரை எழுதியவர், அதை டெபியனுக்காகக் கட்டியவர், அதிலிருந்து பாஸை உருவாக்கிய சி-டாக். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை நம்புகிறீர்கள் என்பதுதான் மொத்த மேட்டரும்.

தமிழ் படிக்கும் சாஃப்ட்வேரை ஏற்றிப் பார்ப்போம்

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் படத்தில் இருக்கும் எழுத்துகளை டைப் செய்த டெக்ஸ்டாக மாற்ற வேண்டும். இதற்கான இலவச சாஃப்ட்வேர் 'டெசராக்ட்'. எச்.பி. நிறுவனத்தில் 1980-களில் தொடங்கியது. 2005-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. பிறகு கூகுள் வளர்த்தது. தமிழும் தெரியும்.

உபுண்டுவில் பேக்கேஜ் வழி என்றால் டெர்மினலைத் திறந்து ஒரே ஒரு வரி. 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று போட்டு, 'டெசராக்ட்-ஓசிஆர்-டேம்' என்ற தமிழ் பேக்கேஜின் பெயரைக் கொடுத்தால் போதும். தமிழ் டேட்டா, அதற்கு வேண்டிய இன்ஜின், இன்ஜினுக்கு வேண்டிய லைப்ரரிகள் எல்லாவற்றையும் ஆப்ட் தானே கண்டுபிடித்து இழுத்து வரும். ரெபோசிட்டரியின் டிஜிட்டல் கையெழுத்து சரியா, வழியில் ஃபைல் மாறியிருக்கிறதா என்பதையும் அதுவே பார்த்துவிடும். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

சிக்கல் வெர்ஷனில் வருகிறது. டெசராக்ட் 5 வந்தது 2021 நவம்பர் கடைசியில். அதற்கு ஐந்து மாதம் கழித்து வெளியான உபுண்டு 22.04-ல் இருந்தது பழைய 4.1.1 தான். நீண்டகால ஆதரவுள்ள உபுண்டுவில் ஐந்தாம் வெர்ஷன் பேக்கேஜாக வந்து சேர 24.04 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இது சோம்பேறித்தனம் இல்லை. ஒரு டிஸ்ட்ரோ வெளியாகும்போது ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து உறைய வைத்துவிடுவார்கள். பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான் வரும். புதுசு வேண்டும் என்பவருக்கு அது எரிச்சல். சர்வர் ஓட்டுபவருக்கு அதுதான் நிம்மதி.

எரிச்சலானவர் சோர்ஸ் பக்கம் போகிறார். கம்பைலர் வேண்டும். படங்களைக் கையாளும் 'லெப்டோனிகா' என்ற லைப்ரரி வேண்டும். வெறும் லைப்ரரி போதாது, அதன் 'டெவ்' பேக்கேஜும் வேண்டும். (சோர்ஸிலிருந்து கட்டுகிறேன் என்று கிளம்பியவரும் இதற்கெல்லாம் ஆப்டிடம்தான் போய் நிற்பார்.) பிறகு அந்தப் புகழ்பெற்ற மூன்று கமாண்டுகள். 'கன்ஃபிகர்': மெஷினில் எல்லாம் இருக்கிறதா என்று சோதிக்கும். ஒன்று குறைந்தாலும் திட்டிவிட்டு நின்றுவிடும். 'மேக்': அரைக்கும் வேலை. பழைய லேப்டாப்பில் ஃபேன் சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேட்கும். 'மேக் இன்ஸ்டால்': அரைத்ததை எடுத்து உரிய இடத்தில் வைக்கும்.

முடிந்தது என்று நினைத்து டெசராக்டைக் கூப்பிட்டால், 'லைப்ரரியைக் காணவில்லை' என்று எரர் வரலாம். புது லைப்ரரி வந்திருக்கிறது என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் 'எல்டிகன்ஃபிக்' என்ற கமாண்டை ஓட்டியிருக்க மாட்டார். அதைச் சரிசெய்தால் அடுத்தது: தமிழைக் காணோம். சோர்ஸில் இன்ஜின் மட்டும்தான் வரும். தமிழ் டேட்டா ஃபைலைத் தனியாக இறக்கிச் சரியான ஃபோல்டரில் வைக்க வேண்டும். அதிலும் வேகமானது, துல்லியமானது என்று ரகம் ரகமாக இருக்கும்.

இப்போது அந்த மெஷினில் ரெண்டு டெசராக்ட். ஆப்ட் கொண்டுவந்த நாலாம் வெர்ஷன் ஒரு ஃபோல்டரில், கையால் கட்டிய ஐந்தாம் வெர்ஷன் 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்ற இன்னொரு ஃபோல்டரில். டெர்மினலில் பெயரை அடித்தால் பொதுவாக இரண்டாவதுதான் ஓடும். ஆப்டைக் கேட்டால், தன்னிடம் இருப்பது நாலாம் வெர்ஷன் என்று சத்தியம் செய்யும். இந்த இரட்டை வாழ்க்கையில் மணிக்கணக்கைத் தொலைத்தவர்கள் ஏராளம்.

இதையெல்லாம் சொல்வது பயமுறுத்த இல்லை. சோர்ஸ் வழி இல்லையென்றால் அந்த ரெண்டு வருஷமும் காத்திருப்பது அல்லது யாரோ ஊர் பேர் தெரியாதவர் கட்டிக் கொடுத்ததை நம்புவதுதான் கதி. ஒரு தமிழ் எழுத்து தப்பாகத் தெரிகிறது, திருத்திப் பார்க்க வேண்டும் என்றாலும் சோர்ஸ்தான் ஒரே கதவு. 'இங்கிலீஷ்காரன் சரிபண்ணட்டும்' என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

நெட் இல்லாத ஊரில் என்ன செய்வது?

2011-ல் மாதத்துக்கு 1 ஜிபி டேட்டாவே ஆடம்பரம். லேப்டாப் வீட்டுக்கு வந்தது, இன்டர்நெட் வரவில்லை. ரெபோசிட்டரி என்பது நெட்டில் இருக்கும் கடை என்றால், நெட் இல்லாத வீட்டில் கடையே இல்லை என்றுதானே அர்த்தம்?

டெபியன் உலகம் இதற்கு வழி வைத்திருந்தது. மொத்த ரெபோசிட்டரியையும் டிவிடிகளாகவே வெளியிடுவார்கள். டிவிடியைப் போட்டு 'இதுவும் ஒரு கடை' என்று ஆப்டுக்கு அறிமுகப்படுத்தலாம். இன்னொன்று 'ஆப்ட்-ஆஃப்லைன்'. எழுதியவர் ரிதேஷ் ராஜ் சராஃப், இந்தியாவைச் சேர்ந்த டெபியன் டெவலப்பர். வீட்டு லேப்டாப்பில் ஓட்டினால், தனக்கு என்னென்ன பேக்கேஜ் வேண்டும் என்று ஒரு சின்ன ஃபைலில் எழுதிக் கொடுக்கும். அதை பென் டிரைவில் போட்டுக்கொண்டு நெட் உள்ள இடத்துக்குப் போகலாம். அங்கே பைத்தான் இருந்தால் போதும், விண்டோஸ் மெஷினாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் உள்ளதை மட்டும் இறக்கித் தரும். வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம்.

மளிகைச் சீட்டு எழுதிக் கொடுத்து டவுனுக்கு அனுப்புகிற கதைதான். இப்படி ஒரு வசதி இருக்கிறது என்பது அந்த லேப்டாப்களை வாங்கிய எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது என்று கேட்டால், அதுதான் அந்தத் திட்டத்தின் ஓட்டை. மெஷினைக் கொடுத்த அளவுக்கு, அதை வைத்து என்ன செய்யலாம் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியைத் தமிழில் நிரப்பியவர்களில் 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழ் முக்கியமானது.

ஆபீஸில் மறந்துபோகும் சர்வர்

இனி வேலைக்குப் போனவர்கள் கதை. 2014 ஏப்ரல் 7. 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளியே வந்தது. வங்கி முதல் இமெயில் வரை பூட்டுப் போடப் பயன்படும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' லைப்ரரியில் இருந்த ஓட்டை அது. சர்வரின் மெமரியில் இருப்பதை வெளியிலிருந்து துண்டு துண்டாக உருவலாம்.

பேக்கேஜ் வைத்திருந்தவர்களுக்கு டிஸ்ட்ரோவே திருத்திய பைனரியைக் கொடுத்தது. அப்டேட் அடித்து, சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்து, சாவிகளை மாற்ற வேண்டும். கஷ்டம்தான், ஆனால் செய்ய வேண்டியது என்னவென்று தெரியும். கையால் கம்பைல் செய்து வைத்த சர்வர்களில் கேள்வியே வேறு: எந்த வெர்ஷனைக் கட்டினோம்? எந்த ஆப்ஷன் கொடுத்தோம்? கட்டியவர் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார்?

சோர்ஸ் இன்ஸ்டாலின் உண்மையான விலை இதுதான். முதல் நாள் அரைப்பது பெரிய வேலையே இல்லை. அதன்பின் ஒவ்வொரு ஓட்டை வரும்போதும், அதைக் கவனித்து, மறுபடி அரைத்து ஏற்ற வேண்டிய ஆள் நீங்கள்தான். ஆப்ட் அப்கிரேட் அடித்தால் அது 'யூஎஸ்ஆர் லோக்கல்' பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரு நுணுக்கம். டெபியன், பழைய வெர்ஷன் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் அதில் தைத்துவிடும். அதனால் செக்யூரிட்டி ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பழைய வெர்ஷன், ஆபத்து' என்று சிவப்பில் வந்தாலும், உள்ளே ஓட்டை அடைக்கப்பட்டே இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறி, பேக்கேஜைத் தூக்கிவிட்டு சோர்ஸிலிருந்து புதுசாகக் கட்டினால், இருந்த பாதுகாப்பும் போச்சு.

அரை விநாடியில் மாட்டிய திருட்டு

'சோர்ஸ் என்றால் கண்ணுக்குத் தெரியும், அதனால் பாதுகாப்பு. பேக்கேஜ் என்றால் மூடிய பெட்டி' என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதை 2024 மார்ச் 29 புரட்டிப் போட்டது.

ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், மைக்ரோசாஃப்டில் வேலை பார்க்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டெவலப்பர். சோதனை நிலை டெபியன் மெஷின் ஒன்றில் எஸ்எஸ்எச் லாகின் சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்தார். எஸ்எஸ்எச் என்பது தூரத்தில் இருக்கும் சர்வருக்குள் நுழையும் வாசல். அரை விநாடிதானே என்று விடாமல் தோண்டினார். வந்து நின்ற இடம், ஃபைல்களைச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' என்ற சின்ன சாஃப்ட்வேர். அதன் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. சாவி வைத்திருப்பவர் லாகின் இல்லாமலே சர்வருக்குள் கமாண்ட் ஓட்ட முடியும்.

வைத்தது 'ஜியா டான்' என்ற பெயரில் இயங்கியவர். எக்ஸ்இசட்டைப் பல வருஷம் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் லாஸ்ஸே காலின். அவருக்கு உதவுகிறேன் என்று 2021 வாக்கில் உள்ளே வந்து, மெல்ல மெல்ல நம்பிக்கை சம்பாதித்து, ரிலீஸ் போடும் அதிகாரம் வரை வாங்கிக்கொண்டார் ஜியா டான். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தவர் யாரென்று உலகத்துக்கு இன்னும் தெரியாது.

எப்படி வைத்தார் என்பதில்தான் நம்ம சப்ஜெக்ட் இருக்கிறது. விஷம் ரெண்டு துண்டு. ஒன்று, டெஸ்ட் ஃபைல் என்ற பெயரில் பொதுவில் எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே கிடந்தது. ஆனால் அது பைனரி; படித்தால் புரியாது. அதை எழுப்பும் இன்னொரு துண்டு, ரிலீஸுக்காகச் சுருட்டிக் கொடுக்கப்பட்ட சோர்ஸ் ஃபைலில் மட்டும் இருந்தது. பொதுவில் இருந்த கோடைப் படித்தவர்களுக்கு அது தெரியாது. அந்த ஸ்கிரிப்ட் இன்னொன்றும் பார்த்தது: இப்போது டெபியன் பேக்கேஜாகவோ ஆர்பிஎம் பேக்கேஜாகவோ கட்டுகிறார்களா? ஆம் என்றால் மட்டும்தான் விஷம் கலக்கும்.

யோசித்துப் பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து கையால் கம்பைல் செய்தவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பேக்கேஜ் கட்டுபவரின் கிரைண்டரில் மட்டும் அது வேலை செய்தது. அப்போ சோர்ஸ்தான் ஜெயித்ததா? இல்லை. விஷம் வந்ததே சோர்ஸ் ஃபைலில்தான். பேக்கேஜ் வழியில் போனவர்களைக் காப்பாற்றியதும் அந்த வழியின் தாமதமே: டெபியனின் நிலையான வெர்ஷன் பழைய எக்ஸ்இசட்டிலேயே இருந்ததால் பாதிப்பில்லை. புதுசு உடனே வேண்டும் என்று சோதனை வெர்ஷன் ஓட்டியவர்களுக்குத்தான் ஆபத்து வந்தது. டெசராக்ட் கதையில் எரிச்சலூட்டிய அதே மந்தம்தான் இங்கே கவசம்.

இன்னொரு பக்கம், கிரைண்டரையே எப்படி நம்புவது? யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-லேயே இதைக் கேட்டார். கம்பைலரிலேயே ஒருவர் விஷம் வைத்துவிட்டால், சுத்தமான சோர்ஸைக் கம்பைல் செய்தாலும் விஷ பைனரிதான் வரும் என்று காட்டினார். இதற்கு டெபியன் 2013 முதல் எடுத்துவரும் முயற்சி, ஒரே சோர்ஸை யார் எங்கே கட்டினாலும் ஒரு பிட்கூட மாறாத பைனரி வர வைப்பது. அப்படி வந்தால், பாக்கெட்டில் இருப்பதும் அரிசியில் இருப்பதும் ஒன்றுதானா என்று மூன்றாம் ஆள் சரிபார்க்க முடியும். எக்ஸ்இசட் போன்ற திருட்டை இது மட்டும் தடுக்காது, ஏனென்றால் அங்கே கெட்டது சோர்ஸே. ஆனால் பேக்கேஜ் கட்டும் இடத்தில் நடக்கும் கலப்படத்தைப் பிடித்துவிடும்.

சோர்ஸ் பக்தர்களுக்கு ஒரு செய்தி: எல்லாவற்றையும் சோர்ஸிலிருந்தே கட்ட வேண்டும் என்பதையே அடையாளமாக வைத்திருந்த ஜென்டூ லினக்ஸ்கூட, 2023 டிசம்பர் கடைசியில் ரெடிமேட் பைனரிகளையும் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. பிரவுசர் ஒன்றைக் கட்ட மணிக்கணக்கில் காத்திருப்பது அவர்களுக்கும் அலுத்திருக்கும் போல.

வாட்ஸ்அப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை

லினக்ஸே தொடாதவர்கள் இதுவரை படித்திருந்தால், உங்கள் பங்கு இங்கே. ஆண்ட்ராய்டுக்கு அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். போனில் ஏற்றும் ஏபிகே ஃபைலும் ரெடிமேட் பேக்கேஜ்தான். ஆனால் டெபியன் பேக்கேஜுக்குப் பின்னால் இருக்கும் பொறுப்பாளரோ, ரெபோசிட்டரி கையெழுத்தோ, கேட்டால் கொடுக்கும் சோர்ஸோ, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகேவுக்குக் கிடையாது. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான், அரசு உதவித்தொகை என்ற பெயரில் ஏபிகே அனுப்பி, எஸ்எம்எஸ் ஓடிபியைத் திருடி, அக்கவுன்ட்டைக் காலி செய்யும் மோசடி பற்றிப் பல மாநிலப் போலீஸும் எச்சரித்தபடி இருக்கிறார்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே ஆக வராது. தெரியாமல் தட்டிவிட்டால், உடனே நெட்டை ஆஃப் செய்துவிட்டு 1930-க்கு போன் போடுங்கள்.

பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப் வேண்டும் என்பவர்களுக்கு 'எஃப்-ட்ராய்டு' என்ற கடை இருக்கிறது. அங்கே டெவலப்பர் கொடுக்கும் ஏபிகேவைக் கண்ணை மூடி அடுக்குவதில்லை. சோர்ஸை வாங்கி அவர்களே கட்டிப் போடுகிறார்கள்.

அப்போ நான் என்ன செய்ய?

வேண்டிய சாஃப்ட்வேர் டிஸ்ட்ரோவின் ரெபோசிட்டரியில் இருந்தால் அதையே எடுங்கள். வெர்ஷன் கொஞ்சம் பழசு என்பது மட்டும் சோர்ஸுக்குப் போகக் காரணம் ஆகாது. உங்களுக்கு வேண்டிய ஒரு வசதி அதில் இல்லை என்பது காரணம் ஆகும். 'இந்த ஒரு வரியை டெர்மினலில் பேஸ்ட் செய்யுங்கள்' என்று நெட்டிலிருந்து ஸ்கிரிப்டை இழுத்து அப்படியே ஓட்டச் சொல்லும் வழி, ரெண்டின் கெட்டதையும் சேர்த்தது: படித்தும் பார்க்கவில்லை, பொறுப்பாளரும் இல்லை. குறைந்தபட்சம் அந்த ஸ்கிரிப்டை முதலில் ஃபைலாக இறக்கித் திறந்து பாருங்கள்.

சோர்ஸ்தான் என்று முடிவானால், 'கன்ஃபிகர்' செய்யும்போதே உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு தனி இடத்தை இலக்காகக் கொடுங்கள். ரூட் அதிகாரமே தேவைப்படாது. பிடிக்கவில்லையென்றால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும். எந்த வெர்ஷன், எந்த ஆப்ஷன், எந்தத் தேதி என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அதன் பக்கத்திலேயே வையுங்கள். கம்பைல் செய்த சோர்ஸ் ஃபோல்டரையும் அழித்துவிடாதீர்கள். 'மேக் அன்இன்ஸ்டால்' என்ற கமாண்ட் எல்லா சாஃப்ட்வேரிலும் இருக்காது. இருந்தாலும், அந்த ஃபோல்டருக்குள் நின்று அடித்தால்தான் வேலை செய்யும்.